ஐரின் பிறந்த வருஷத்து ஒயின்

9 ஜூன் 2024, ஞாயிறு

இன்றோடு ஐரினுக்கு இருபத்தொன்பது வயது. நான் போன் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை. பெற்ற தகப்பனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்த மகளுக்கு வாழ்த்து ஒரு கேடு.

சண்டை அவளோடுதான், ஒயினோடு இல்லை. அதனால் வழக்கம்போல அவள் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டில் திறந்தேன். 2002இல் எங்கள் கப்பல் ஸ்பெயினில் பில்பாவ் துறைமுகத்தில் நின்றபோது வாங்கியது. லேபிளில் 1995 என்று போட்டிருந்தது, அவள் பிறந்த வருஷம். நாலு பயணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூத்துக்குடி கொண்டு வந்து சேர்த்தேன். மூன்று திராட்சை கலந்த சிவப்பு ஒயின். டெம்ப்ரனில்லோ உடம்பு, கார்னாச்சா சூடு, கிராசியானோ வாசம் என்று கடைக்காரக் கிழவன் விரல்விட்டுச் சொன்னான். படுக்க வை, இருட்டில் வை, ஆட்டாதே, சூடு காட்டாதே, முப்பது வருஷம் நிற்கும் என்றான். வாங்குகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்றும் சொன்னான். பொறுமை எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? அடுக்களைக்குப் பக்கத்து அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, நாலு சுவருக்கும் தெர்மாக்கோல் பதித்து, ஏசி, அதற்கு ஓர் இன்வெர்ட்டர். இந்த ஊர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையைப் பதினாலு டிகிரியில் வைத்திருக்கிறேன். சீஃப் இன்ஜினியர் பாஸ்டின் மிராண்டா என்றால் சும்மாவா.

நேற்றே பாட்டிலை நிமிர்த்தி வைத்துக் கசடை அடியில் இறக்கியிருந்தேன். கார்க் உடையாமல் வந்தது. ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் கொப்பரை வாசம், பிறகு காய்ந்த அத்திப்பழம், தோல், கடைசியில் நாக்கின் ஓரத்தில் புகையிலை. இன்னும் உயிரோடு இருக்கிறது. பழக்க தோஷத்தில் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டேன். அவளுக்குப் பதினெட்டு வயது ஆனதிலிருந்து இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

இது வரைக்கும் நல்ல நாள்தான். சாயங்காலம் ஏசி சத்தம் மாறுகிறதே என்று உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் இரண்டு குழி காலி. ஆறு படுத்திருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருக்கிறது.

என் வீட்டில், என் பூட்டுக்குள் கை வைத்தவன் எவன்?

12 ஜூன்

எவன் என்று யோசிக்க என்ன இருக்கிறது. அந்த அறைக்குள் வெளியாள் என்று வருகிறவன் ஏசி மெக்கானிக் சங்கரலிங்கம் ஒருவன்தான். வரச் சொல்லி வாசலிலேயே வைத்துக் கேட்டேன். தெரு கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

“சார், நான் குடிக்கிறதே இல்ல. பன்னெண்டு வருஷமா உங்க வீட்டுக்கு வாரேன்” என்றான்.

“குடிக்காதவன் வித்திருப்பே.”

அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். “வேற ஆளப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே போனான், ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. திருடனுக்கு ரோஷம் வேறு.

செலஸ்டின் ஈரக் கையோடு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் ஒரு வார்த்தை பேசினாளா? உள்ளே போய்விட்டாள்.

13 ஜூன்

செலஸ்டின் இன்றும் பேசவில்லை. நல்லதுதான், வீடு அமைதியாக இருக்கிறது.

21 ஜூன்

ஏசியில் கேஸ் லீக். அறை பத்தொன்பது டிகிரிக்கு ஏறிவிட்டது. ஊரில் உள்ள மெக்கானிக் எல்லாருக்கும் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டதாம். நானே பழைய பாகங்களைக் கழற்றி மாட்டி, வெல்டிங் கடைக்கு இரண்டு தடவை நடந்து, மதியச் சாப்பாடு விட்டு, ஒருவழியாகப் பதினைந்துக்குக் கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்து முற்றத்தில் விழுந்து மூன்று நாளாகிறது. கேட்டு வாங்க ஒருத்தரும் வரவில்லை. வளர்ப்பு அப்படி. நானே எடுத்து மதில் மேல் வைத்தேன்.

2 ஜூலை

மீன் வாங்கப் போன இடத்தில் பழைய கூட்டாளி ஒருவன், “மகளுக்கு ஏதாவது பாத்துருக்கியா?” என்று கேட்டான். நல்ல சீலா மீன் கையில் இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என்ன பார்ப்பது? பார்த்து முடித்தாகிவிட்டதே. 2022 மே மாதம். மாப்பிள்ளை ரெக்ஸ், கப்பலில் தேர்டு ஆபீசர், நம் சாதிசனம், நல்ல குடும்பம். கோயிலில் கல்யாண ஓலை மூன்று ஞாயிறும் வாசித்தாயிற்று. மண்டபம், சமையல்காரர், பேண்டு எல்லாம் சொல்லியாயிற்று. என் ஒயின் எல்லா மேசைக்கும் வராது என்பதால் மணமக்கள் மேசைக்கு மட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கிற விதத்தில் கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கல்லூரியில் வேலை.

ரெக்ஸிடம் என்ன குறை? கொஞ்சம் கோபக்காரன், அவ்வளவுதான். ஆம்பிளைக்குக் கோபம் இருக்கும்.

8 ஜூலை, திங்கள்

எங்கள் கல்யாண நாள். காலைப் பூசையை எங்கள் பேரில் ஒப்புக்கொடுக்கச் சொல்லி செலஸ்டின் கருத்து கொடுத்திருந்தாள். தெருக் கோயிலில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். தம்பதிகள் என்பதால் பங்குச் சாமி எங்கள் இரண்டு பேருக்கும் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுத்தார்.

நாக்கில் பட்ட உடனே தெரிந்துவிட்டது. பூசை ரசத்துக்கு ஒரு சப்பென்ற வாசம் உண்டு, சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன், எனக்குத் தெரியும். இது அது இல்லை. கொப்பரை. அத்திப்பழம். ஓரத்தில் புகையிலை. என் கார்னாச்சா, என் கிராசியானோ, என் பதினாலு டிகிரி! நற்கருணையை வாயில் வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை நினைத்தவன் இந்த மறைமாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை.

பூசை முடிந்ததும் நேராகச் சாமி உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனேன். ஜன்னலோரம் மெழுகுவர்த்தித் துண்டுகளுக்குப் பக்கத்தில், காலை வெயில் முழுக்க மேலே விழ, பாதி கார்க் அமுக்கி நின்றுகொண்டிருந்தது என் பாட்டில். லேபிளில் மெழுகு சொட்டியிருந்தது.

“சாமி, இது என்ன?”

“அம்மாதான் குடுத்தாங்க. கலப்படமில்லாத திராட்சை ரசம்னு சொன்னாங்க. மூணு மாசமா முதல் சனிக்கிழமை பூசைக்கும் இதுதான். ஏன் சார், கெட்டுப்போச்சா?”

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. வாசலில் பூ விற்கிற அம்மா எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. இருபத்தொன்பது வருஷத்து ஒயினைத் திறந்து ஜன்னலில் வைக்கிறார்கள்! வெயிலில்! மாசக்கணக்கில்! மோட்சத்துக்கு வழி காட்டுகிற ஆட்களுக்கு ஒரு பாட்டிலைப் படுக்க வைக்கத் தெரியவில்லை.

சாமி முகம் வெளுத்துப்போய், “ஐரின் கருத்துக்காகத்தான் சார் ஒவ்வொரு தடவையும்” என்றார்.

திரும்பிப் பார்த்தால் செலஸ்டின் இல்லை. எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

9 ஜூலை

நேற்று முழுக்க நான்தான் பேசினேன். இன்று காலை இட்லித் தட்டை வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணமாக உட்கார மாட்டாள்.

“ஆமா, நான்தான் எடுத்தேன். மொத்தம் மூணு, போன வாரம் ஒண்ணு சேத்து. மாத்துச் சாவி என்ட்ட இருக்கு.”

“யாரக் கேட்டு எடுத்தே?”

“அவ பேர்ல வாங்குனதுதானே. அவளுக்காகக் குடுத்தேன். அவளுக்கு ஒரு நல்லது நடக்கணும்னு நேந்துகிட்டேன். நடந்துருச்சு. ஆகஸ்ட் இருபத்தி நாலு அவளுக்குக் கல்யாணம்.”

பையன் பெயர் ஜோயல், அவள் கல்லூரியிலேயே வேலை, நாகர்கோவில் பக்கம், அம்மா மட்டும்தான். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம், இருபது பேருக்குச் சாப்பாடு. இவள் எல்லாம் பேசி முடித்திருக்கிறாள். என் மகள் கல்யாணத்துக்கு நான் கடைசி ஆள்.

“என்னைய யாரும் கூப்பிடல.”

“கூப்பிடத்தான் செய்தா. ‘டாடி வரணும். ஆனா ஒரு தடவ சத்தம் போட்டாலும் நான் எந்திச்சுப் போயிருவேன்’னா.”

தகப்பனுக்கு நிபந்தனை! வேலைக்காரனுக்குக்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள். தட்டு கீழே விழுந்தது. விழுந்தது என்றுதான் எழுதுகிறேன்.

செலஸ்டின் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். “நான் போவேன். நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போவேன்” என்று தரையைப் பார்த்தே சொன்னாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

10 ஜூலை

போகட்டும். எனக்கென்ன.

14 ஜூலை, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. செலஸ்டின் போய் வந்தாள். முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். சத்தம் போடாமல்தான் கேட்டேன், இரண்டு வருஷமாகக் கேட்கிற அதே கேள்வி. ரெக்ஸை ஏன் வேண்டாம் என்றாள்?

“இப்ப எதுக்கு?”

“சொல்லு.”

“உங்களுக்கு வேண்டாம்.”

“சொல்லுன்னு சொல்லுதேன்லா.”

மடித்த முக்காட்டை மறுபடி பிரித்தாள். “ஜவுளிக் கடையில வச்சு அவன் ஏதோ கத்திருக்கான். கடைக்கார பிள்ள புடவைய மாத்திக் குடுத்துட்டான்னு. வந்து என் மடியில படுத்துகிட்டு அழுதா. ‘டாடி மாதிரியே கத்துதான் மம்மி. நான் இன்னொரு வீட்டுலயும் பயந்துகிட்டே இருக்க மாட்டேன்’னா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் இவளை அடித்திருக்கிறேனா? ஒருநாள், ஒரே ஒருநாள் கை ஓங்கியிருக்கிறேனா? மாதக்கணக்கில் எஞ்சின் ரூமில் வெந்து இவளைப் படிக்க வைத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த குரல் இது. அதற்குப் பயமா? எதற்குப் பயப்பட வேண்டும்? இதையெல்லாம் செலஸ்டினிடம் சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்பது, மதிலுக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நின்றுவிட்டதில் தெரிந்தது.

15 ஜூலை

எழுத ஒன்றுமில்லை. பதினாலு டிகிரி.

23 ஜூலை

சங்கரலிங்கத்தின் கடைக்குப் போனேன். ஒரு ஃபிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். “பாட்டில் கிடைச்சிருச்சு” என்றேன். “நல்லது சார்” என்றான். “கேஸ் ஒருக்க பாக்கணும்” என்றேன். “கையில வேல நெறைய கெடக்கு சார்” என்றான். வேறென்ன சொல்லச் சொல்கிறான்? நான் போனதே பெரிய விஷயம். வரும் வழியெல்லாம் அவன் மேல்தான் ஆத்திரம்.

4 ஆகஸ்ட்

செலஸ்டின் போனில் டிக்கெட் போட முயற்சி செய்து மூன்று தடவை தப்பாக அழுத்தினாள். பிடுங்கினேன். நானே போட்டேன். இரண்டு.

அவள் மத்தியானம் நண்டு வைத்தாள்.

22 ஆகஸ்ட்

மீதியிருந்த மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பியாயிற்று. ஈரத் துண்டு, அதற்கு மேல் போர்வை, அதற்கு மேல் என் பழைய கப்பல் பை. ஏசி பெட்டியில் கீழ்ப் படுக்கையில் சுவரோரம் அவற்றைப் படுக்க வைத்துவிட்டு, மீதி இருந்த விளிம்பில் நான் ஒருக்களித்துக் கிடந்தேன். நாலு மாதம் முன்னால் என்றால் யாராவது ஆட்டினாலே கொன்றிருப்பேன். இப்போது ரயிலே ஆட்டுகிறது.

மதுரையில் ஏறிய ஒருவன் தன் பெட்டியை என் பை மேலேயே தூக்கி வைத்தான். சத்தம் போட்டேன். ஒரே ஒரு தடவை. அது கணக்கில் வராது, கல்யாணம் இன்னும் தொடங்கவில்லையே. செலஸ்டின் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாத கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

24 ஆகஸ்ட், சனி

முடிந்தது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். செலஸ்டின் புடவைகூட மாற்றாமல் தூங்குகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

கோயிலில் என்னைப் பார்த்ததும் ஐரின், “வாங்க டாடி” என்றாள். மெலிந்திருக்கிறாள். அவளைக் கைபிடித்து நடத்திக் கொண்டுபோய் விட்டேன். ஜோயல் உயரமில்லை, கண்ணாடி, தாழ்ந்த குரல். பூசை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை, பாட்டுக்குக்கூட.

சாப்பாடு பக்கத்துக் கூடத்தில். ஒரே நீள மேசை. பாட்டில்களை நேற்றே அறையில் நிமிர்த்தி வைத்திருந்தேன். ஒன்றில் கார்க் அழுகி, ஒயின் காடியாகிப் போயிருந்தது, கொட்டிவிட்டேன். மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. நன்றாக என்றால், இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. கசடு வராமல் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றினேன். அரை மணி நேரம் மூச்சு விட வைத்தேன். முதலில் மணமக்களுக்கு, பிறகு ஜோயலின் அம்மா ரோஸ்லெட்டுக்கு, பிறகு மற்றவர்களுக்கு ஆளுக்கு அரை விரல் அளவு. குடுவையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

ஐரின் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் சம்மந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “புளிக்குல்லா! சம்மந்தி இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது, வீணாப் போவக்கூடாதுல்லா” என்று சொல்லி, பாயசம் விளம்பிக்கொண்டிருந்தவரிடம் ஒரு கிண்ணம் சீனி கேட்டு வாங்கினார். தன் கிளாஸில் போடுவார் என்று நினைத்தேன். “எல்லாருக்கும் சேத்தே போட்டுருதேன். எங்க வீட்டுல கிறிஸ்துமஸ்க்கு நாங்க இப்பிடித்தான் கலக்குவோம்” என்று முழுக் கிண்ணத்தையும் என் குடுவைக்குள் கவிழ்த்தார். சாம்பார்க் கரண்டியின் காம்பால் கலக்கினார்.

இருபத்திரண்டு வருஷம். ஜன்னலை அடைத்தது. இன்வெர்ட்டர். கேஸ். சீனி அடியில் சுற்றிச் சுற்றி வந்தது.

எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. எங்கிருந்து கிளம்பி எங்கே வந்து வாயாக மாறும் என்று எனக்குத் தெரியும். மூச்சை இழுத்தேன். அப்போதுதான் தற்செயலாக ஐரினைப் பார்த்தேன்.

அவள் சம்மந்தியம்மாவைப் பார்க்கவில்லை, குடுவையையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. சோற்றுக் கை அப்படியே நின்றிருந்தது. இன்னொரு கை ஜோயலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் செலஸ்டினும் அதேபோல, தலை குனிந்து, தோள் ஏறி. இரண்டு பேருக்கும் ஒரே முகம். அந்த முகத்தை எத்தனையோ வருஷமாக என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் இருந்த மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சம்மந்தியம்மா கரண்டியை உதறிவிட்டு, “இப்ப குடிச்சுப் பாருங்க” என்று சிரித்தார். நல்ல மனுஷி. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு என் கிளாஸில் இருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிக் கிளாஸை நீட்டினேன்.

“எனக்கும் ஊத்துங்க சம்மந்தி.”

ஊற்றினார். குடித்தேன். பாகு மாதிரி இருந்தது. கொப்பரையும் இல்லை, புகையிலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கிளாஸைப் பிடித்திருந்த விரல் வலித்தது.

“எப்பிடி இருக்கு?” என்றார்.

“இனிப்பா இருக்கு.”

ஐரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நம்பிப் பார்க்கவில்லை. அடுத்த சத்தம் எப்போது என்று பார்த்தாள். அவள் தோள் இன்னும் இறங்கவில்லை, ஜோயலின் கையை இன்னும் விடவில்லை.

கிளாஸை மறுபடி நீட்டினேன்.